எந்தப் பூட்டிலும் நுழையாத சாவி

இப்படிக் கிட்டே வாருங்கள், என் கண்ணுகளா. கம்பளியைத் தோள்வரை இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள், சின்னவர்களை நடுவில் விடுங்கள், நெருப்புக்குள் இன்னொரு கட்டையைத் தள்ளுங்கள். இன்றைக்கு உங்களுக்கு ஒரு கதை வைத்திருக்கிறேன். பயமுறுத்தும் கதைதான். பயந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஒரு சாவியைப் பற்றிய கதை. இல்லை, இரண்டு சாவிகளைப் பற்றியது. எது யார் இடுப்பில் இருக்க வேண்டுமோ, அது அங்கே இல்லாமல் போன கதை.

வடக்கே குளிர்நாட்டில் ஓடும் நெக்கர் ஆற்றங்கரையில், நாணல் கூரை போட்ட ஒரு நீண்ட மரவீட்டில், இமினா என்ற பெண் விடியற்காலையில் பால் கறக்க எழுந்தபோது, முந்தின இரவு அவளே பூட்டிய வாசல் கதவு ஒரு விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது.

யாரும் உடைக்கவில்லை. பூட்டின் இரும்புத் தகடு நெளியவில்லை, மரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. வீட்டின் மறுகோடியில் மாடுகள் அசைபோடும் சத்தமும், அவற்றின் மூச்சிலிருந்து வரும் வைக்கோல் வாசனையும், தணிந்துபோன அடுப்பின் சாம்பல் வாசனையும் எல்லா நாளையும் போலத்தான் இருந்தன. கதவிடுக்கில் மட்டும் வெள்ளையாக மூடுபனி நின்றது. உள்ளே வராமல், போகவும் போகாமல், கூப்பிடுவார்களா என்று வாசலில் காத்திருக்கும் விருந்தாளி மாதிரி.

பூட்ட மறந்திருப்பேன் என்று சொல்லிக்கொண்டு இமினா சாவித்துளையில் விரலை வைத்தாள். விரலில் மண் ஒட்டியது. ஈரமான, மஞ்சள் நிறமான களிமண்.

அந்த ஊரில் மண் கறுப்பு. ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல். தோட்டமும் கறுப்பு, தெருவும் கறுப்பு, குழந்தைகளின் முழங்காலும் கறுப்பு. மஞ்சள் மண் ஒரே இடத்தில்தான் உண்டு. மேட்டுச் சரிவில், இறந்தவர்களை வரிசை வரிசையாகக் கிழக்கு பார்த்துக் கிடத்தியிருக்கும் இடத்தில்.

இமினா அந்த மண்ணைப் பாவாடையில் துடைத்தாள். துடைத்த பிறகு யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தாள். கதவு திறந்து கிடந்தால் வீட்டுக்காரரை எழுப்பிச் சொல்வதுதானே முறை? இவள் சொல்லவில்லை. சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு, சட்டைக்குள் மார்புக்கு நடுவே தொங்கிய ஏதோ ஒன்றை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பால் வாளியை எடுத்தாள்.

அது என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

இமினாவுக்கு ஓர் அக்கா இருந்தாள், கெர்லிந்தா. இந்த வீடு அவளுடையது. ஹுனோ அவள் புருஷன், லியூபா அவள் பெற்ற ஒரே பெண், இன்னும் பால்பற்கள் விழாத வயது. அப்பா அம்மா போனபிறகு இமினா அக்கா வீட்டோடு வந்துவிட்டாள். மாவு அரைத்தாள், தண்ணீர் சுமந்தாள், தறியில் நின்றாள். கெர்லிந்தா கெட்டவள் இல்லை. தங்கை தும்மினால்கூடப் பாலைச் சுடவைத்துக் கொடுப்பவள். ஆனால் அவள் இடுப்பில் ஒரு வார் தொங்கியது. அந்த வாரில் வெள்ளிப்பட்டை கட்டிய ஒரு பளிங்கு உருண்டையும், அதன் பக்கத்தில் அம்மாவிடமிருந்து வந்த வெண்கலச் சாவியும். நடக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று தட்டும். க்ளிங். க்ளிங். வீட்டுக்காரி வருகிறாள் என்று மாட்டுக்குக்கூடத் தெரியும்.

ஒரு விருந்தில் யாரோ இமினாவிடம் பீர் கேட்டார்கள். கெர்லிந்தா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அவகிட்ட என்னத்தக் கேக்குறீங்க? அவ சாவி இல்லாதவ. எங்கிட்ட கேளுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். இமினாவும் சிரித்தாள். அந்தச் சொல் மட்டும் உள்ளே போய் முள் மாதிரி உட்கார்ந்துகொண்டது.

இலையுதிர் காலத்தில் கெர்லிந்தாவுக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் கொதித்தது. கடைசியில் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இமினா, என் சாவிய என் இடுப்புல மாட்டித்தான்டி அனுப்பணும்."

"அப்படியெல்லாம் பேசாதக்கா."

"கேளுடி. அது இருந்தாதான் அங்க போயும் நான் ஒரு வீட்டுக்காரி. இல்லேன்னா எவ வாசல்லயோ வாளியத் தூக்கிக்கிட்டு நிக்கணும். காலத்துக்கும் நிக்கணும். சத்தியம் பண்ணு."

"சத்தியம்க்கா."

அந்த ஊரில் ஒரு வழக்கம். இறந்தவளை அலங்கரித்து ஊரே பார்க்கக் குழிக்குள், பலகை அடித்த அறைக்குள் இறக்குவார்கள். கழுத்தருகே சிவப்புக் கல் கண் வைத்த பறவை ஊக்குகள் இரண்டு, வெள்ளியில். கழுத்தில் அம்பர் என்னும் மஞ்சள் பிசின்கல்லும் கண்ணாடியுமாக மணிகள். இடுப்பில் வார். பார்த்து முடித்ததும் நெருங்கிய உறவுப் பெண் ஒருத்தி மட்டும் தனியாக உள்ளே இறங்கி, மேலாடையால் முகத்தை மூடி, ஊக்கை மாட்டி, கடைசியாக அந்த வாரை ஒருமுறை ஆட்ட வேண்டும். உலோகம் தட்டும் சத்தம் மேலே நிற்பவர்கள் காதில் விழ வேண்டும். வீட்டுக்காரி சாவியோடுதான் போகிறாள் என்பதற்கு அதுதான் சாட்சி. அதற்குப் பிறகுதான் மேல்பலகை.

இமினா இறங்கினாள். மஞ்சள் களிமண்ணின் குளிர் முழங்காலில் ஏறியது. மேலே நிற்பவர்களுக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரியும். மேலாடையை மூடினாள், ஊக்கை மாட்டினாள், வாரைத் தொட்டாள். வெண்கலச் சாவி உள்ளங்கையில் வந்து படுத்துக்கொண்டது. அம்மாவின் சாவி. அம்மாவுக்கு நானும்தானே மகள் என்று ஒரு நினைப்பு. ஒரே ஒரு நினைப்புத்தான், கண்ணுகளா. மூச்சு விடும் நேரம். கை அதைக் கழற்றிவிட்டது.

ஆனால் சத்தம் வேண்டுமே. அக்கா படுத்த நாளிலிருந்து இமினாவின் இடுப்பில் வாசல் பூட்டின் இரும்புச் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. அதை வாரில் கோத்தாள். ஆட்டினாள். பளிங்கில் இரும்பு தட்டியது. கொஞ்சம் மொட்டையான சத்தம்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு," என்றாள் மேலே ஒருத்தி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

பலகை மூடியது.

வீட்டுச் சாவி எங்கே என்று ஹுனோ கேட்டபோது, நோயாளியின் படுக்கைத் துணியை அலசும்போது ஆற்றில் விழுந்துவிட்டது என்றாள். கொல்லன் வந்தான். "சாவி தொலைஞ்சா பூட்டையே மாத்திடுறது நல்லதுண்ணே," என்றான்.

ஹுனோ சிரித்தான். "ஆத்துல விழுந்த சாவியத் தூக்கிக்கிட்டு மீனா வந்து கதவைத் திறக்கப்போகுது? உனக்கு வேலை வேணும்னா நேராக் கேளுய்யா. இதே பூட்டுக்கு இன்னொரு சாவி அடிச்சுக் குடு, போதும்."

இமினாவும் சிரித்தாள். பூட்டை மாற்றுங்கள் மாமா என்று ஒரு சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? விழுங்கிவிட்டாள்.

பனி உருகியதும் கல்யாணம் என்று ஹுனோ சொல்லியிருந்தான். "புள்ளையும் உங்கிட்ட ஒட்டிக்கிச்சு. வீடும் உன் கைக்குப் பழகிடுச்சு. வேற யார வெளிய தேடப்போறேன்?" என்று, மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே, இவள் முகத்தைப் பார்க்காமல். இமினாவுக்கு அது போதுமாயிருந்தது. அவளுக்கு ஆசையெல்லாம் லியூபாவின் மேல்தான். குளிர் அதிகமான இரவில் அந்தக் குழந்தை வந்து இவள் வயிற்றோடு சுருண்டு படுக்கும். என்றைக்காவது சித்தி என்பதை விட்டுவிட்டு அம்மா என்று கூப்பிடும். அந்த ஒரு சொல்லுக்காக அவள் எந்த வேலையும் செய்வாள்.

வெண்கலச் சாவி சட்டைக்குள், தோலோடு தோலாக, ஒரு நூலில் தொங்கியது. உலோகம் உடம்பில் பட்டால் கொஞ்ச நேரத்தில் சூடேறிவிடும் இல்லையா? அது ஏறவில்லை. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து மாவு பிசையும்போதுகூட, கிணற்றிலிருந்து அப்போதுதான் எடுத்த கூழாங்கல் மாதிரி நெஞ்சில் கிடந்தது.

கதவு திறந்திருந்த நாளிலிருந்து மூடுபனி விலகவேயில்லை. பகலில் விளக்கு வேண்டியிருந்தது. கொல்லைப்புறத்தில் தரையைத் தோண்டி இறக்கிக் கூரை போட்ட தறிக்குடிசை இருந்தது. பாவு நூலை இழுத்துப் பிடிக்கக் கட்டிய களிமண் குண்டுகள் அதில் வரிசையாகத் தொங்கும். காற்றே இல்லாத மத்தியானத்தில் அந்தக் குண்டுகள் ஒன்றோடொன்று மெல்லத் தட்டுவதை இமினா கேட்டாள். டொக், டொக், டொக். தறியில் யாராவது நின்று வேலை செய்தால் மட்டும் வரும் சத்தம். போய்ப் பார்த்தபோது ஆள் இல்லை. அவள் பாதியில் விட்டிருந்த துணி ஒரு கை அகலத்துக்கு வளர்ந்திருந்தது. கரையில் மூன்று நீலம், ஒரு வெள்ளை. இமினாவுக்கு அந்தக் கரை போட வராது. அக்கா எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தும் வரவில்லை.

அவள் அந்தத் துணியை அறுத்து அடுப்பில் போட்டாள். எரியும்போது ஈர மண் வாசனையும், பிணத்தோடு வைக்கும் மாசிபத்திரியின் கசப்பு வாசனையும் வந்தன.

பிறகு வீடு தானாக ஒழுங்காகத் தொடங்கியது. இடப்பக்கம் வைத்த உப்புச் சாடி வலப்பக்கம் இருந்தது. கரண்டிகள் அக்கா வைக்கும் வரிசையில் தொங்கின. மாவுப் பெட்டியின் மூடியில் இமினா போட மறந்த கல் போடப்பட்டிருந்தது. ஒரு குறை இல்லை. எல்லாம் சுத்தம். எல்லாம் சரி. இமினா செய்ததுதான் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டது.

பக்கத்து வீட்டு ஸ்வானா மாவு அரைக்க வந்தாள். இமினாவின் வயதுதான், நிறைமாதம், வாய் மட்டும் ஓயாது. திருகைக்கு முன்னால் காலை விரித்து உட்கார்ந்துகொண்டு, "என்னடி இது, வீடு இப்படிப் பளபளன்னு இருக்கு? கெர்லிந்தாக்கா இருந்தப்போகூட உன் வேலை இவ்வளவு சுத்தமா இருக்காதே. கல்யாணப் பொண்ணுன்னா கை தானா வளையுமோ?" என்றாள்.

"வாய மூடிக்கிட்டு அரைடி."

"மூடிக்கிட்டா மாவு எறங்காது எனக்கு." திருகை கரகரவென்று சுற்றியது. "நேத்து உன் வீட்டுப் பக்கம் க்ளிங் க்ளிங்னு கேட்டுச்சு. எனக்கு ஒரு நிமிஷம் கெர்லிந்தாக்காதான் வராங்கன்னு நெஞ்சு அடைச்சுப்போச்சு. என்னடி அது?"

இமினாவின் கை சட்டைக்குப் போய், பாதியில் நின்றது. "ஆட்டுக் கழுத்து மணி."

"அதான் நானும் நெனைச்சேன். கெர்லிந்தாக்கா எப்படி வரும்? முறையா அனுப்பினோமே. நானே காதால கேட்டேன்ல?" ஸ்வானா குரலைத் தாழ்த்திக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள்: "எங்க மாமியார் செத்தப்போ என்ன பண்ணேன் தெரியுமா? வாருல இருக்கிறது வெண்கலச் சாவிதானான்னு ரெண்டு தடவை தொட்டுப் பார்த்தேன். இரும்பு கிரும்பு கலந்திருந்தா? மறுநாளே கதவைத் திறந்துக்கிட்டு, பால் சட்டி ஏன் கழுவலைன்னு நிக்குமே அது!"

"வெண்கலமா இருந்தா என்ன, இரும்பா இருந்தா என்ன?" இமினாவின் குரல் அவளுக்கே தூரத்தில் கேட்டது.

"அட, தெரியாத மாதிரி கேக்குற! வெண்கலச் சாவி எந்தப் பூட்டுலயாவது நுழைஞ்சு பார்த்திருக்கியா? அதுக்குப் பல்லே கெடையாது, வெறும் நகைதானே. அதனாலதான்டி அதைக் குடுத்து அனுப்புறது. வீட்டுக்காரியாவே போ, மகராசியா இரு, ஆனா திரும்பி மட்டும் வந்துடாதே. திறக்கிற சாவிய எவளாவது செத்தவ இடுப்புல கட்டுவாளா?"

திருகை சுற்றிக்கொண்டே இருந்தது. மாவு வெள்ளையாக விழுந்துகொண்டே இருந்தது.

"ஏய், என்னடி மூஞ்சி மாவு மாதிரி ஆயிடுச்சு? நீயும் முழுகாம இருக்கியா என்ன, கல்யாணத்துக்கு முன்னாடியே!" என்று ஸ்வானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அன்று மாலை ஹுனோ பார்லிக் கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தினான். கிண்ணத்தைப் பார்த்தான். "காட்டுப்பூண்டு போட்டியா?"

"இல்லையே மாமா."

"கெர்லிந்தா வைக்கிற மாதிரியே இருக்கு." சொல்லிவிட்டு மிச்சத்தையும் குடித்தான். இன்னும் கொஞ்சம் என்று நீட்டினான்.

இமினா அவன் எதிரில் நின்றாள். இப்போது சொல்லிவிடலாம். மாமா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். அவ்வளவுதான், ஒரே மூச்சில் வந்துவிடும். அதற்குப் பிறகு? குழியில் கிடப்பவளிடம் திருடியவளுக்குத் தலையை மழித்து ஊரைவிட்டு அனுப்புவார்கள். அதைக்கூடத் தாங்கலாம். ஹுனோவின் மடியில் தலைவைத்துக் கண் சொருகிக்கொண்டிருந்த லியூபாவைப் பார்த்தாள். இந்தக் குழந்தையை இனி ஒருநாளும் தொட விடமாட்டார்கள்.

"மாமா..."

"என்ன?"

"கஞ்சி இன்னும் கொஞ்சம் இருக்கு."

மறுநாள் காலையில் லியூபா எழுந்து வந்தாள். தலைமுடி நான்கு கால் பின்னலாக, நுனியில் சிவப்பு நூல் முடிச்சோடு, இழை பிசகாமல் பின்னப்பட்டிருந்தது. இரவில் இமினாதான் அந்த முடியை அவிழ்த்துவிட்டுப் படுக்கவைத்திருந்தாள்.

"யாருடா கண்ணு பின்னிவிட்டது?"

"அம்மா."

எத்தனை நாள் ஏங்கிய சொல். குழந்தை இவளைப் பார்த்து அதைச் சொல்லவில்லை. இவள் தோளுக்குப் பின்னால், கதவைப் பார்த்துச் சொன்னது.

"அம்மாவுக்குக் கை ரொம்பக் குளிருது சித்தி. நெருப்புகிட்ட உக்காருன்னு சொன்னேன். வீட்டுக்காரி எடத்துல வேற யாரோ உக்கார்றாங்களாம். அவங்க எந்திரிக்கட்டும்னு சொல்லுச்சு."

இமினா குழந்தையின் பின்னலைப் பிரித்தாள். முடியிழைகளுக்குள் மஞ்சள் மண் பொடிப்பொடியாக இருந்தது. சீப்பால் வாரினாள். வாரினாள். குழந்தை வலிக்குது என்று அழும்வரை வாரினாள்.

அன்று ஹுனோ தானிய மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு மாவு ஆலைக்குப் போனான். இருட்டுவதற்குள் வந்துவிடுவான். லியூபா சாப்பிட்டுவிட்டுத் தூங்கியது. இமினா குழந்தையின் நெற்றியில் உதட்டை வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். அக்கா, கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன். உனக்குச் சேர வேண்டியதை உன் இடுப்பில் கட்டிவிட்டு, என் இரும்பை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். குழந்தையை மட்டும் எனக்கு விட்டுவிடு. புதுச்சாவியால் வாசலைப் பூட்டினாள். இருமுறை இழுத்துப் பார்த்தாள். மண்வெட்டியைத் துணிக்குள் மறைத்துக்கொண்டு மேட்டுக்கு நடந்தாள்.

பனிக்குள் ஊர் மறைந்தது. கோழிச் சத்தம் மறைந்தது. தன் மூச்சு முன்னால் புகையாகப் போவது மட்டும் தெரிந்தது. பாதையில், எதிர்ப்பக்கமாக, மேட்டிலிருந்து ஊரைப் பார்த்து இறங்கும் காலடிகள் ஈர மண்ணில் பதிந்திருந்தன. வெறுங்கால். புதிது. இன்னும் தண்ணீர் ஊறாத தடங்கள். அவள் பார்க்காதது மாதிரி நடந்தாள். எங்கோ பக்கத்தில், பனிக்குள், அவளைக் கடந்து போகிற மாதிரி:

க்ளிங்.

மொட்டையான சத்தம். பளிங்கில் இரும்பு.

இமினா நிற்கவில்லை. நின்றால் திரும்ப வேண்டும். திரும்பினால் பார்க்க வேண்டும்.

குழியின் மேல் மண் இளகிக் கிடந்தது. மண்வெட்டி தானாக இறங்கியது. அவ்வளவு சுலபமாக இறங்கக் கூடாது. ஈரமாகி இறுகிய களிமண், ஆண்களே மூச்சுவாங்க வெட்டும் மண். இது மாவு மாதிரி வந்தது. பலகையில் இரும்பு தட்டியது. பலகையின் ஓரத்தில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். அன்று அடித்த ஆணிகள் இல்லை. உள்ளிருந்து மாசிபத்திரி வாசனை வந்தது.

"அக்கா," என்றாள். "கொண்டாந்துட்டேன்க்கா. மன்னிச்சிடு."

உள்ளே அக்கா இல்லை.

மேலாடை இருந்தது. நான்காக மடித்து, சுருக்கம் நீவி, தலைமாட்டில் வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் வெள்ளிப் பறவைகள் இரண்டும், ஊசி மூடி, ஒன்றையொன்று பார்த்தபடி. மணிமாலை வட்டமாகச் சுருட்டி பக்கத்தில். பலகைத் தரை பெருக்கப்பட்டிருந்தது. காலையில் எழுந்து, படுக்கையை ஒழுங்குபண்ணிவிட்டு, வேலைக்குக் கிளம்பிப் போன ஒரு வீட்டுக்காரியின் படுக்கை.

வாரும் பளிங்கும் இல்லை. இரும்புச் சாவி இல்லை.

சிவப்புக் கல் கண்கள் நான்கும் இமினாவைப் பார்த்தன.

லியூபா.

ஓடினாள். மண்வெட்டியை எங்கே போட்டாள் என்று தெரியாது. செருப்பு ஒன்று களிமண்ணோடு போயிற்று. விழுந்தாள். எழுந்தாள். கை, முழங்கால், பாவாடை, முகம், எல்லாம் மஞ்சள். பனி முழுக்க அவள் மூச்சின் சத்தம். பகல் அடங்கிக்கொண்டிருந்தது. தெருவில் ஆள் இல்லை. நாய் ஒன்று அவளைப் பார்த்துக் குரைக்கவில்லை. பின்காலை ஒடுக்கிக்கொண்டு விலகியது.

வாசலில் வண்டி நின்றது. ஹுனோ வந்துவிட்டான். கூரையிலிருந்து புகை. உள்ளே வெளிச்சம். ரொட்டி சுடும் வாசனை.

யார் சுடுகிறார்கள்?

புதுச்சாவியைத் துளையில் வைத்தாள். பாதி நுழைந்து நின்றது. எதுவோ தடுத்தது. தள்ளினாள். உள்ளிருந்து இரும்பு இரும்பைத் தள்ளியது. உட்பக்கமாக இன்னொரு சாவி போடப்பட்டிருந்தது.

"மாமா!" கதவைத் தட்டினாள். "மாமா, நான் இமினா!"

கதவுப் பலகைகளுக்கு நடுவே ஓர் இடுக்கு. கண்ணை வைத்தாள். நெருப்பு. ஹுனோவின் முதுகு. அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நிம்மதியாக, தோளை இறக்கிவிட்டு, வீடு திரும்பிய மனிதன் சாப்பிடுவது மாதிரி. நெருப்பருகே வீட்டுக்காரியின் முக்காலி. அதில் இருப்பவளின் முகம் தெரியவில்லை. மடியில் லியூபா. குழந்தையின் தலைமுடியை ஒரு கை பின்னிக்கொண்டிருந்தது. விரல்கள் நீளமாக, மிக நீளமாக. நகத்திடுக்கில் மஞ்சள் மண்.

"வாசல்ல யாரோ தட்டுற மாதிரி இருக்கே," என்றான் ஹுனோ, வாயில் ரொட்டியோடு.

"பாருடா கண்ணு, யாருன்னு," என்றது ஒரு குரல். காய்ந்த தொண்டை. அன்பான குரல்.

லியூபா தலையைத் திருப்பியது. இடுக்கில் இருந்த இமினாவின் கண்ணை நேராகப் பார்த்தது. கொஞ்சமும் அடையாளம் தெரியாத பார்வை.

"யாருமில்லம்மா. சாவி இல்லாதவ."

இமினா சட்டைக்குள் கையை விட்டாள். நூலை அறுத்தாள். அம்மாவின் சாவி. அழகான சாவி. பூட்டில் வைத்தாள். நுழையவில்லை. திருப்பி வைத்தாள். நுழையவில்லை. பல் இல்லாத வெண்கலம் இரும்புத் தகட்டில் வழுக்கியது, வழுக்கியது, மஞ்சள் மண்ணைப் பூசியது.

உள்ளே சாவி திரும்பியது.

கதவு ஒரு விரல் அகலத்துக்குத் திறந்தது. அந்த இடுக்கு வழியே ஒரு கை வந்தது. காலி வாளியை வாசற்படியில் வைத்தது.

"தண்ணி கொண்டா," என்றது குரல்.

கதவு சாத்திக்கொண்டது. பூட்டியது. க்ளிங் க்ளிங் சத்தம் நெருப்பை நோக்கிப் போயிற்று.

இமினா நெடுநேரம் நின்றாள். பிறகுதான் கவனித்தாள். உள்ளங்கையில் இருந்த வெண்கலச் சாவி இப்போது குளிரவில்லை. அத்தனை நாளில் முதல்தடவையாக, அதுவும் அவள் கையும் ஒரே அளவுக்குக் குளிர்ந்திருந்தன. பனிக்குள் வாயைத் திறந்து மூச்சு விட்டுப் பார்த்தாள். புகை வரவில்லை.

குனிந்தாள். வாளியை எடுத்தாள். ஆற்றுக்கு நடந்தாள்.

அவ்வளவுதான், என் செல்லங்களா. கையை விடாதீர்கள், கொஞ்ச நேரம் இப்படியே இருப்போம். நீங்கள் கொடுத்த வாக்கெல்லாம் உங்களைக் கவலையில்லாமல் தூங்கவிடட்டும். உங்கள் வீட்டுக் கதவு உங்கள் கைக்கே திறக்கட்டும். அடுப்பு அணையாமல் இருக்கட்டும், உள்ளே இருப்பவர்கள் உங்கள் காலடிச் சத்தம் கேட்டதும் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும். உங்கள் வீட்டிலிருந்து போனவர்கள் எல்லோரும், போன இடத்தில், சாவி நிறைந்த இடுப்போடு நிம்மதியாக இருக்கட்டும்.